மஞ்சள் வட்டம் போகும் இடம்

வகுப்பில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்ற கோபத்தில்தான் முதல் வீடியோவை எடுத்தேன். எல்லை தாண்டி மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லப்போகும் வருடம் பத்தாம் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். தம்பானூர் ஹோட்டல்களில் அடுப்பு முன்னால் நிற்பவர்கள், சாலை பஜாரில் மூட்டை இறக்குபவர்கள், விழிஞ்ஞம் துறைமுக வேலையில் கம்பி கட்டப் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள். லேபில் உயிரோடு இருந்தவை ஐந்து லேப்டாப்கள். ஒன்றுக்கு மூன்று பேர். ஒருத்தன் மௌஸைப் பிடித்தால் மற்ற இரண்டு பேரும் ஜன்னல் வழியாக பஸ்ஸை எண்ணுவார்கள். நான் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்துவேன். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு திரையில் எழுத்தெல்லாம் பச்சையாக இருக்கும், இன்னொன்றில் மெனுவே காணாமல் போயிருக்கும். அதைச் சரிசெய்வதற்குள் மணி அடித்துவிடும்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். வீட்டிலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். ஒரு நாள் போதும்டா சாமி என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காலியான வகுப்பில் போய் உட்கார்ந்தேன். திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்யும் மென்பொருள் அதிலேயே இருந்தது. நான் மௌஸை நகர்த்துவது, சொடுக்குவது, தட்டச்சு செய்வது எல்லாம் அதில் விழும். அம்புக்குறியைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் வரும்படி செய்துகொண்டேன், பிள்ளைகள் தவறவிடக்கூடாது என்பதற்காக. அதன் மேல் என் குரல். ஆறு நிமிடம், ஏழு நிமிடம். எடுத்து வகுப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவேன். வீட்டில் அப்பாவின் போனிலோ அம்மாவின் போனிலோ பார்த்துவிட்டு வந்து லேபில் செய்ய வேண்டும்.

எல்லா வீடியோவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “நான் செய்வதை மட்டும் செய்யுங்கள். மஞ்சள் வட்டம் எங்கே போகிறதோ அங்கே மட்டும் போங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.” இப்போது போட்டுக் கேட்டாலும் அந்தக் குரலில் இருக்கும் மிரட்டல் எனக்கே உறைக்கிறது.

பலித்துவிட்டது. இரண்டே மாதத்தில் லேபில் ஊசி விழுந்தால் கேட்கும். மெனு தொலைவதில்லை, எழுத்து பச்சையாவதில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்தேன். ஆசிரியர் வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் லேபில் உட்கார்ந்து டீ குடித்தது அப்போதுதான். அந்த அமைதியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அது பெருமையாக இருந்தது.

ஒரே கடிதத்தைப் பல பேருக்கு முகவரி மாற்றி அனுப்பும் மெயில் மெர்ஜ் பாடம். அதற்கான வீடியோவை வீட்டில் வைத்து எடுத்தேன். நடுவில் குக்கர் விசிலடித்தது. மௌஸைத் திரையின் வலது கீழ் மூலைக்குத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தொடர்ந்தேன். வெட்டி எடுக்கச் சோம்பல், அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் லேபில் பாடம் பாதி நடந்துகொண்டிருந்தபோது ஐந்து திரைகளிலும் அம்புக்குறி வலது கீழ் மூலைக்குப் போய் நின்றது. யாரும் அசையவில்லை. பதினான்கு பிள்ளைகளும் திரையைப் பார்த்தபடி சும்மா இருந்தார்கள்.

“என்ன, எல்லாம் ஹேங் ஆயிட்டுதா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சரே,” என்றான் முன்வரிசைப் பையன். “இங்க கொஞ்ச நேரம் நிக்கணும். அது கழிஞ்ஞிட்டுதான் அடுத்தது.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மலையாளப் பிரிவின் பிசிக்ஸ் சார் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் என் வயதுதான், ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தினமும் தகராறு. “எனக்கு இது கேட்டா பேடியாகுது டீச்சரே,” என்றார் தன்னுடைய பாதித் தமிழில். பயமாக இருக்கிறதாம். “உங்க பிள்ளைகள் சொன்ன பேச்சே கேக்கிறதில்ல, அந்தப் பொறாமை சாருக்கு,” என்றேன். அவர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் பதினான்கு பேரில் ஒரு பெண் இருந்தாள். அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தென்காசிப் பக்கம். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். அம்மா லாட்ஜ் அறைகளைச் சுத்தம் செய்யப் போவார். மணக்காட்டில் ஒற்றை அறை வாடகை வீடு. வீட்டில் ஒரே ஒரு போன், அது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து அவர் படுக்க வரும்போது அரை மணி நேரம் இவள் கைக்கு வரும். அந்த அரை மணியில் என் வீடியோவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வாள். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி, மஞ்சள் வட்டம் எங்கே, என்ன சொடுக்கு, என்ன தட்டச்சு. ‘2:14 மேலே இடமிருந்து மூன்றாவது. ஒரு கிளிக். 2:20 கீழே நாலாவது வரி. ஒரு கிளிக்.’ இப்படிப் பக்கம் பக்கமாக. பக்கத்தில் அப்பா தூங்குவதால் சத்தத்தை அறவே குறைத்துவிடுவாள். நான் சொல்லும் விளக்கம் எதுவும் நோட்டில் இருக்காது. என் கை செய்தது மட்டும் இருக்கும்.

அந்த நோட்டை நான் வாங்கி உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினேன். “படிக்கிற பிள்ளைன்னா இப்படி இருக்கணும். எல்லாரும் இதே மாதிரி எழுதிட்டு வாங்க,” என்றேன். அவள் வெட்கத்தில் டெஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் தேர்வில் அவள் ஒரு மதிப்பெண்கூட விடவில்லை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் அவள் அப்பா இனிப்போடு பள்ளிக்கு வந்தார். மாவு காய்ந்த கை. நல்ல மனிதர், ஆனால் பிடிவாதம். “பிள்ளை காமர்ஸ் படிச்சு பேங்க் பரீட்சை எழுதணும்னு சொல்லுதா டீச்சர். பக்கத்துல நடந்து போற ஸ்கூல்ல கிடைச்சா படிக்கட்டும். பஸ்சு, ரயிலுன்னு அலையவிட எனக்குத் தைரியம் இல்ல. கிடைக்கலன்னா ஊருக்கு அனுப்பிருவேன். அங்க அவ சித்தி வேலை பாக்குற ஜவுளிக்கடையில ஆள் கேக்காங்க,” என்றார். அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் சிரித்தேன். இவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பள்ளியில் கதவைச் சாத்துவார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாமல் போங்கள் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

பிளஸ் ஒன் சேர்க்கை இங்கே ஆன்லைனில்தான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே விண்ணப்பம். நமக்கு வேண்டிய பள்ளியையும் பாடத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து எது கிடைக்குமோ அதைக் கொடுப்பார்கள். இரண்டாவதோ மூன்றாவதோ கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு மேலே இருப்பதற்குக் காத்திருக்கலாம். முதலாவதாகப் போட்டதே கிடைத்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. அங்கேதான் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த பட்டியல் எதிலும் பெயர் வராது.

விண்ணப்ப வாரத்திலும் அதற்கு அடுத்த வாரத்திலும் எனக்கு வேறு ஊரில் பயிற்சி வகுப்பு. பிள்ளைகளோ நெட் சென்டரில் போய் வரிசையில் நிற்கும் கூட்டம், அங்கே இருப்பவர்கள் மலையாளத்தில் மளமளவென்று கேட்டால் பெற்றோர் திருதிருவென்று முழிப்பார்கள். அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு வீடியோ எடுத்தேன். அந்த வருடம் என் மகளும் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுடைய விண்ணப்பத்தையே நிஜமாகப் போட்டு, அதைப் பதிவு செய்தேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். பெயரையும் எண்ணையும் மட்டும் பிறகு மறைத்துவிட்டேன்.

எங்கள் வீடு பாறசாலையில், எல்லைக்குப் பக்கம். நான் தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவள். மகளுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி, சயின்ஸ் குரூப், நர்சிங் அவள் கனவு. முதல் வரியில் மட்டும் அந்தப் பள்ளியின் எண்ணைத் தட்டினேன். ‘இந்த இடத்தில் உங்களுக்கு எந்தப் பள்ளி வேண்டுமோ, எந்தப் பாடம் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவும் செய்தேன். எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன், தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறேன். சொன்ன அதே நேரத்தில் மஞ்சள் வட்டம் வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது.

உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன்னால் மாதிரி ஒதுக்கீடு என்று ஒன்று வரும். இப்படியே விட்டால் உங்களுக்கு இதுதான் கிடைக்கும் என்று காட்டுவதற்காக. பயிற்சியில் மதிய இடைவேளை, டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஒரு பையனின் அம்மா கூப்பிட்டார். “டீச்சர், பாறசாலைக்கு எந்த பஸ்ல போகணும்? காலையில எத்தன மணிக்கு டீச்சர்?”

எதற்குக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் டப்பாவை மூடிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பதினான்கில் ஐந்து பேர். ஐந்து பேரும் முதல் வரியில் என் மகளின் பள்ளியை, என் மகளின் பாடத்தைப் போட்டிருந்தார்கள். இரண்டாவது வரியிலிருந்து தங்களுக்கு வேண்டியது. பைத்தியமா உங்களுக்கு என்று ஒருத்தனிடம் கத்தினேன். அவன் பயந்தபடி சொன்னான். “முதல் வரி டீச்சர் போட்டதத்தான் போடணும்னு எல்லாரும் பறஞ்ஞாங்க. இல்லேன்னா ஃபாரம் எடுக்காதுன்னு.”

அந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. நோட்டில் அந்தப் பள்ளியின் எண்ணை எழுதி, கட்டம் போட்டு வைத்திருந்தாளாம்.

இப்போது நினைத்தால், அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். அந்தக் குக்கர் விசில், மூலையில் போய் நின்ற ஐந்து அம்புகள், பிசிக்ஸ் சாரின் முகம், எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தன. இவர்கள் நான் சொல்வதை நம்பவில்லை, செய்வதை நம்புகிறார்கள், அப்படி நம்பச் சொன்னவளும் நானே என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் செய்தது என்ன? இன்னொரு வீடியோ எடுத்தேன்.

திருத்துவதற்கு இரண்டு நாள்தான் அவகாசம். பயிற்சிக் கூடத்தின் வராந்தாவில், மழை சாரலடிக்க, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடியும் மகளின் கணக்கில் நுழைந்தேன், கையில் இருந்தது அது ஒன்றுதான். திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியை அழித்தேன். வேறு ஏதோ ஒரு பள்ளியைத் தட்டினேன். ‘உங்களுக்கு வேண்டிய பள்ளி, உங்களுக்கு வேண்டியது, நான் போடுவது இல்லை’ என்று மூன்று முறை சொன்னேன். அதுவரைக்கும் சரி.

பக்கத்தின் கீழே போனால் இறுதி உறுதிப்பாடு என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால்தான் திருத்தம் ஏறும். அழுத்தாவிட்டால் பழையது அப்படியே இருக்கும். என் கை நின்றுவிட்டது. அழுத்தினால் என் மகளின் விண்ணப்பம் மாறிவிடும். பிறகு திரும்ப மாற்றலாம்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் மாவட்டமே அந்த வலைத்தளத்தில் முட்டிக்கொண்டிருந்தது. பக்கம் திறக்கக் கால் மணி நேரம் ஆகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, நடுவில் வெளியே தள்ளுகிறது. திரும்ப மாற்ற முடியாமல் போய்விட்டால்? நர்சிங் என்று சொல்லிக்கொண்டிருக்கிற பெண் வேறு எங்கோ வேறு எதையோ படிக்க வேண்டியதுதான். என் மகளை வைத்து நான் விளையாட முடியாது. அந்த வார்த்தையையேதான் மனதில் சொல்லிக்கொண்டேன், விளையாட முடியாது என்று.

கீழே போகவே இல்லை. பட்டன் திரையில் வரவும் இல்லை. ‘கடைசியில் கீழே இறுதி உறுதிப்பாடு என்று இருக்கும், அதை மறக்காமல் அழுத்திவிடுங்கள்’ என்று வாயால் சொன்னேன். பிறகு மஞ்சள் வட்டம் மேலே போய் லாக் அவுட்டை அழுத்தியது. வீடியோ முடிந்தது. குழுவில் போட்டேன்.

சாயங்காலம் ரயிலில் வரும்போது அதை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல்தான் பார்த்தேன், பெட்டியில் அவ்வளவு இரைச்சல். முடிந்ததும் ஏதோ ஒரு படியைத் தாண்டிக் கால் வைத்த மாதிரி இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னலோரம் சாய்ந்துகொண்டேன். களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பிசிக்ஸ் சாரைக் கூப்பிட்டு, அந்த ஐந்து பேர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். நான்கு பேர் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கடைசிப் பட்டன்வரை அழுத்தவைத்து எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினார். நான்கு போட்டோ. ஐந்தாவது வரவில்லை. அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கல்லில் கரண்டி இடிக்கும் சத்தம்.

“அது நேத்தே முடிச்சுட்டா டீச்சர். உங்க வீடியோ வந்த உடனே நோட்டுல எழுதிக்கிட்டு நெட் சென்டருக்குப் போய்ட்டா. அவதான் முதல்ல முடிச்சா.”

“கடைசி பட்டன் அழுத்தினாளான்னு கேக்கணும். அவகிட்ட குடுங்க.”

“நான் கடையில நிக்கேன் டீச்சர். வீட்டுக்குப் போனதும் கேட்டுச் சொல்லுதேன். அவ தப்பாச் செய்ய மாட்டா, நீங்க காட்டினது மாதிரிதான் செய்வா.”

அவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீங்க காட்டினது மாதிரிதான் செய்வா என்றபோது என் வீடியோ எந்த இடத்தில் முடிந்தது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் பயிற்சி வகுப்பு தொடங்க மணி அடித்துவிட்டது, போய்விட்டேன். அன்று மாலை அவகாசம் முடிந்தது.

பட்டியல் வரும்வரை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மழை விட்டபாடில்லை. மகளிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். என் மகளின் சீட்டைப் பற்றிய பதற்றம் என்று வீட்டுக்காரர் நினைத்தார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு முறை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்ய எடுத்து, இனி கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன். கேட்டால் பதில் வந்துவிடும். வராமல் இருக்கிறவரை எதுவும் நடக்கவில்லை.

முதல் ஒதுக்கீடு வந்தது. மகளுக்குக் கேட்டதே கிடைத்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கேசரி கிளறலாம் என்று எழுந்தவள், ரவையை வறுக்கப் போட்டுவிட்டு, வகுப்புப் பட்டியலை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணையும் பிறந்த தேதியையும் தட்டினேன். வட்டம் சுற்றியது. பிறகு பக்கம் திறந்தது. அதே பள்ளி. அதே சயின்ஸ் குரூப். கீழே சிவப்பில், முதல் விருப்பம், நிரந்தரமாகச் சேர வேண்டும் என்று இருந்தது. குறைந்த மதிப்பெண் எடுத்திருந்தால் தப்பித்திருப்பாள், அந்த இடம் கிடைக்காமல் இரண்டாவது வரிக்கு, மணக்காட்டிலிருந்து நடந்து போகிற பள்ளியின் காமர்ஸுக்கு வந்திருப்பாள். நன்றாகப் படித்ததால் மாட்டிக்கொண்டாள். ரவை தீய்ந்த வாசனை வந்து மகள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் முதல் ரயிலில் வந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அறை, சேர்க்கை உதவி மையம், அங்கிருந்து மேலே ஒரு அலுவலகம் என்று மதியம்வரை அலைந்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில். அங்கே சேர்ந்துவிட்டு, பின்னால் பள்ளி மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். இடம் காலி இருந்தால் கிடைக்கும். இருக்குமா என்று கேட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையை விரித்தார். “அதிப்போ எங்ஙன பறயும் டீச்சரே,” என்றார். இப்போது எப்படிச் சொல்ல முடியும் என்கிறார். அவர் மேல் தப்பில்லை.

திரும்பி வந்தபோது பள்ளி வராந்தாவில் அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மிகச் சுத்தமாகத் தலை வாரியிருந்தாள். டி.சி. வாங்க வந்திருக்கிறோம் என்றார் அவர்.

அலுவலகத்தில் கேட்டதையெல்லாம் சொன்னேன். முதலில் பாறசாலையில் சேரட்டும், நான் தினமும் ரயிலில் வருகிறவள்தானே, எனக்கு வழி தெரியும், சில வாரம் பொறுத்தால் மாற்றம் கேட்கலாம் என்றேன்.

“நீங்க இங்கே வரும்போது அவ அங்கே போகணும் டீச்சர். காலையில தனியா, சாயங்காலம் தனியா. அதும் சயின்ஸ், அவளுக்கு வேண்டாததப் படிக்க,” என்றார். “மாத்தம் கட்டாயம் கிடைக்கும்னு நீங்க சொல்லுதீங்களா? சொன்னா சேத்துருதேன்.”

நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது. என் வீட்டில் தங்கட்டும், என் மகளோடு சேர்ந்து போய் வரட்டும் என்று ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு அறை. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். வயதுக்கு வந்த பெண், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் பதில் சொல்வது. இவ்வளவையும் நான் நினைத்து முடிப்பதற்குள் அந்த இடைவெளி கடந்துபோய்விட்டது. ஊரிலாவது பதினொன்றில் சேர்த்துவிடுங்கள் என்றேன். “பாக்கலாம் டீச்சர்,” என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவர் கையெழுத்துப் போட ஆபீஸுக்குள் போனார். நானும் அவளும் மட்டும் நின்றோம். மழை ஓட்டிலிருந்து கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

“கடைசி பட்டன் ஏன்டீ அழுத்தல?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுத கண்தான், ஆனால் அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்கு நிஜமாகவே தெரியாதென்று நினைத்து, பொறுமையாக எடுத்துச் சொல்கிற முகம்.

“நீங்க அழுத்தலையே டீச்சர். கீழ ஒரு பட்டன் இருக்குன்னு நான் கண்டேன். வேற எதையும் தொடக்கூடாதுன்னு வச்சிட்டு லாக் அவுட் பண்ணிட்டேன்.”

ஆபீஸ் கதவு திறந்தது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தார். என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். லீவு நாள்லயும் பிள்ளைகளுக்காக நீங்க பாடுபட்டு ரெண்டு வீடியோ எடுத்து அனுப்புனீங்க. இந்தக் கழுதை அதைக்கூட ஒழுங்காப் பாக்கல. உங்களுக்கும் இன்னைக்கு முழுக்க அலைச்சல்.”

அவள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு அவளுடையது அல்ல, என்னுடையது என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு நாலு வார்த்தை போதும். சொன்னால் அவர் மகளை வேறு மாதிரி பார்த்திருப்பார். ஊருக்குப் போகும் வழியெல்லாம் அவளைத் திட்டாமல் இருந்திருப்பார். என்னை வேறு மாதிரி பார்த்திருப்பார்.

அவர் அவள் பின்மண்டையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். “டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு.”

“ஸாரி டீச்சர்,” என்றாள் அவள்.

நான், “பரவாயில்ல,” என்றேன்.